பத்தொன்பதாவது நிமிடம்

அத்தியாயம் 11

“மாட்டினதுக்கு அப்புறம் எந்திரிக்காதீங்க. தல சுத்தினா வலது கையத் தூக்குங்க. பயமா இருந்தா கண்ண மூடிக்கோங்க, போதும். நான் பக்கத்துலயேதான் இருப்பேன்.”

சனிக்கிழமை காலையிலிருந்து பெய்யூ இதைச் சொல்வது இரண்டாவது முறை. இன்னும் மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி வாய் தானாகப் பேசுகிறது. மனது அந்த நேரத்தில் குதிகால் வலியை யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஆறு நாற்காலிகள், கண்ணையும் காதையும் மூடும் ஆறு ஹெட்செட்டுகள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஆறையும் மருந்துத் துணியால் துடைத்து, கண் படும் இடத்தில் புதுக் காகித உறை போட வேண்டும். அவள் விரல் நுனிகள் வெளுத்து உரிந்து போயிருந்தன. பேட்டிகளில் ‘கலைஞர் யென் பெய்யூ’ என்று போடுகிறார்கள். கலைஞரின் நாளில் பாதி, அடுத்தவர் முகத்து வியர்வையைத் துடைப்பதில் போகிறது.

காவ்சியுங் துறைமுகத்தில் மீன் தீவனம் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு அது. உள்ளே உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் சுவர், கூரை எல்லாம் மறைந்து போகும். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கன்டெய்னர் தூக்கும் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்போம். காலுக்குக் கீழே கண்ணாடி, அதற்குக் கீழே கப்பல். நாற்காலி அசையும். காற்று முகத்தில் அடிக்கும். பக்கத்தில் திரும்பினால் நீலச் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஒரு பெண் வேலை செய்துகொண்டிருப்பாள். இருபத்தெட்டு நிமிடம் அவள் தனக்குத் தானே பேசிக்கொள்வதைக் கேட்டபடி கூடவே இருக்கலாம்.

‘நாற்பது மீட்டர்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தப் பெண் பெய்யூவின் அக்கா சியூலான். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடமாக அந்தக் கூண்டில் வேலை. மேலே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஓய்வு நேரத்தில் போனை எடுத்து வைத்துக்கொண்டு தனக்குத் தானே பேசிப் பதிவு செய்வது அவள் பழக்கம். அவற்றைத் தங்கை கேட்டபோது, மொத்தத்தையும் அனுப்பிவிட்டு, சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். கூண்டுக்குள் கேமரா வைத்துத் தன் வேலையைப் படம் பிடிக்கவும் விட்டாள்.

“எத வேணா போட்டுக்கோ. உங்க அத்தான் இதெல்லாம் பாக்கவா போறாரு?”

அத்தான் மட்டுமா, முதல் மூன்று வாரம் யாருமே பார்க்கவில்லை. வந்த நாலைந்து பேரும் வேறு கலைஞர்கள். பார்த்துவிட்டு, அருமை என்று சொல்லிவிட்டு, தங்கள் கண்காட்சியின் அழைப்பிதழைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெய்யூ ஒரு ஹெட்செட்டைத் தோள் பையில் போட்டுக்கொண்டு தானே கிளம்பினாள். முடி திருத்தும் கடையில் சாயம் காயக் காத்திருந்த பெண்களுக்கு மாட்டினாள். டாக்சி ஸ்டாண்டில் மாட்டினாள். மருத்துவமனைக் கேன்டீனில், சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை சாய்த்திருந்த ஒரு நர்ஸுக்கு மாட்டினாள்.

அந்த நர்ஸ்தான் அன்று தன் இணையப் பக்கத்தில் எழுதினாள். பத்தொன்பதாவது நிமிடத்தில் சியூலான் சொல்லும் சொற்களை அப்படியே எழுதியிருந்தாள்.

“ஓவர்டைம் கட்டாயம்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். ஆறு வருஷமா. கட்டாயமெல்லாம் ஒண்ணும் கெடையாது. நானேதான் பேர் குடுக்கறேன்.”

தீப்பிடித்த மாதிரி பரவியது. பெய்யூவின் கணவன் வெய்ரென், இந்த இயந்திரங்களையெல்லாம் இணைத்து ஓட்டுகிறவன், அந்த வரியைப் பெரிய எழுத்தில் ‘நாற்பது மீட்டர்’ இணையப் பக்கத்தில் போட்டான். அடுத்த வாரத்திலிருந்து ஆறு நாற்காலியும் நிறைந்தன. வெளியே போகும் வழியில் ஒரு சுவரைக் காலியாக விட்டு, துண்டுத் தாளும் பேனாவும் வைத்தார்கள். பெண்கள் எழுதி ஒட்டினார்கள். ‘எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை மீட்டிங் கட்டாயம்.’ ‘எனக்கு வாரம் ரெண்டு நாள் ரயில் லேட்டு.’ ‘பல் டாக்டர்கிட்ட பதினோரு தடவ போயிருக்கேன். பல்லுக்கு ஒண்ணும் இல்ல.’

போன செவ்வாய்க்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது.

“பெய்யூ, துறைமுகத்துல எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறாங்க. நான் என்ன சொன்னேன்னே எனக்கு மறந்துபோச்சு. அந்த எடத்த மட்டும் எடுத்துடு. அவரு காதுக்குப் போச்சுன்னா தாங்க மாட்டாரு.”

“எடுத்துடறேன்கா. வியாழக்கிழமைக்குள்ள.”

வியாழக்கிழமை போனது. வெள்ளிக்கிழமையும் போனது. தைபேயில் பெரிய அரங்கு ஒன்றுக்குப் படைப்புகளைத் தேர்வு செய்யும் ஷாவ் மேடம் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அவர் கேள்விப்பட்டு வருவதே அந்த வரியைத்தான்.

“ஒரே ஒரு நாள் இருக்கட்டும்” என்றான் வெய்ரென். “அவங்க பாத்துட்டுப் போனதும் ராத்திரியே எடுத்துடலாம்.”

பெய்யூ சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அலுப்பில் அப்படியே விட்டுவிட்டாள். அது அலுப்புதானா என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

இரண்டு மணிக் காட்சிக்கு ஆட்கள் உள்ளே வந்தார்கள். நான்கு கல்லூரிப் பெண்கள். ஐந்தாவதாக, குட்டை முடியும் கறுப்புச் சட்டையுமாக ஷாவ் மேடம். ஆறாவதாக வந்தவரைப் பார்த்ததும் பெய்யூ கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கழற்றிக் கையில் வைத்திருந்த தொப்பி. கல்லூரிப் பெண்களுக்குப் பின்னால், ரேஷன் வரிசையில் நிற்கிற மாதிரி அடக்கமாக நின்றுகொண்டிருந்தார் அத்தான் திங்ஃபா.

“அத்தான்! நீங்க எங்க இங்க?”

“டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்தேன்” என்று தாளைக் காட்டினார். அதில் வேறு பெயர் இருந்தது. “என் பேர்ல கேட்டா நீ சும்மா உள்ள விட்டுடுவேன்னு கடைசி வீட்டு லின் பேர்ல வாங்கினேன். யூனியன் ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான், உங்க வீட்டம்மாவப் பாக்க ஊரே வரிசைல நிக்குது, நீ மட்டும் பாக்கலியான்னு. அதான்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“சொல்லல. பாத்துட்டு சாயங்காலம் சொல்லி அசத்தலாம்னு.”

பெய்யூ கீழே கிடந்த துணியைக் குனிந்து எடுத்தாள்.

“அத்தான், ஆறாம் நம்பர் ரிப்பேர். காலைலேந்து வேல செய்யல. நீங்க செவ்வாய்க்கிழமை வாங்களேன். நானே கூட்டிட்டு வர்றேன்.”

“ரிப்பேரா?” அவர் முகம் மலர்ந்தது. “எங்க, குடு பாப்போம். ஆயிரம் குதிரைசக்தி எஞ்சினையே அலை அடிக்கறப்ப கழட்டி மாட்டினவன். இது என்ன, தேங்கா மூடி சைஸ்ல இருக்கு.”

கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். ஷாவ் மேடமும் சிரித்தார். அதற்குள் வெய்ரென், யார் என்று கவனிக்காமல், மேசைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். “ஆறு நல்லாத்தான் இருக்கு பெய்யூ. பச்ச விளக்கு எரியுதே!”

வேறு வழியில்லை. ஆறாவது நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். முழங்கால் மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இருபது வருடம் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். ஒரு தடவை கிளம்பினால் வீடு திரும்ப ஒரு வருடம் ஆகும். எட்டு வருடத்துக்கு முன் இரும்புக் கதவு ஒன்று முழங்காலை நசுக்கியதோடு கடல் முடிந்துபோனது. அன்றிலிருந்து சமையல், துணி, வீடு எல்லாம் அவர் பொறுப்பு.

அவள் வழக்கமான நான்கு வரிகளைச் சொன்னாள். ஹெட்செட்டை அவர் தலையில் வைத்துப் பட்டையை இறுக்கும்போது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருட்டா இருக்கே?”

“இப்ப வெளிச்சம் வரும் அத்தான்.”

காட்சி தொடங்கியது.

ஹெட்செட் மாட்டியவர்களுக்கு இந்த அறை இல்லை. தங்களை யாராவது பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் இல்லை. மூன்று மாதமாக பெய்யூ அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் பார்ப்பது இவளுக்குத் தெரியாது. ஆனால் எந்த நொடியில் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். மூன்றாவது நிமிடம் கூண்டுக்கு ஏறும் லிஃப்ட் உச்சியில் நிற்கும், எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள். ஏழாவது நிமிடம் கன்டெய்னர் பெட்டி ஒன்று கம்பிக் கயிற்றில் சுழலும், எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்கள்.

“அம்மாடி, இவ்ளோ உயரமா!” என்று திங்ஃபா கத்தினார். காதில் ஒலி இருந்ததால் தன் குரல் அவருக்குக் கேட்கவில்லை. “சியூலான், கீழ பாத்துக்கோ! கயிறு, கயிறு!”

நான்காவது நாற்காலிப் பெண் ஹெட்செட்டோடு சிரித்தாள்.

பதினோராவது நிமிடத்தில் சியூலான் கீழே நிற்கும் லாரி டிரைவரைத் திட்டுவாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “அவளேதான்! வீட்டுலயும் இப்படித்தான் டிவிய திட்டுவா.” பதினான்காவது நிமிடத்தில் சியூலான் இரண்டு கையாலும் பிடிகளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டு, கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தபடி ஒன்பது பெட்டிகளை இறக்குவாள். அவரும் குனிந்தார். அவள் குனிந்திருந்த அத்தனை நேரமும் இவரும் குனிந்தே இருந்தார்.

பெய்யூ மேசைக்கு ஓடினாள்.

“வெய்ரென், ஆறாம் நம்பர் யாருன்னு பாத்தியா?”

அவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. “உங்க அத்தானா? என்னப்பா இது?”

“என்ன பண்றது?”

“என்ன பண்றதா? நிறுத்து!” அவன் டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினான். ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓடும் நேரம். ஒன்றை மட்டும் தனியாக நிறுத்த முடியும். “ஆற மட்டும் நிறுத்திட்டு மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. மத்தவங்களுக்குத் தெரியாது. அமுக்கு.”

பதினேழு நிமிடம் நாற்பது நொடி.

அவள் விரலைக் கட்டத்தின் மேல் வைத்தாள். தூக்கினாள். மறுபடி வைத்தாள்.

“பெய்யூ. அமுக்கு.”

பதினெட்டு நிமிடம் பத்து நொடி. அமுக்குவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் கண் மட்டும் ஆறாவது நாற்காலியை விட்டு நகரவில்லை. இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். அழுதவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. இந்தச் சொற்கள் யாரைப் பற்றியதோ அந்த ஆள் கேட்டால் என்ன செய்வார்? அதை அவள் பார்க்க விரும்பினாள். வெட்கமில்லாமல், பசி வந்தவள் சோற்றைப் பார்ப்பது போல விரும்பினாள்.

பத்தொன்பது.

சியூலானின் குரல் இந்நேரம் அவர் காதில் ஒலிக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை பெய்யூவுக்கு மனப்பாடம். நர்ஸ் எழுதியது முதல் பாதி மட்டும்தான். மீதி இருக்கிறது.

“வீட்டுக்குப் போனா எல்லாம் செஞ்சு வெச்சிருப்பாரு. செஞ்சு வெச்சுட்டு எதிர்ல உக்காந்து என் மொகத்தையே பாத்துட்டிருப்பாரு. பாவம், நல்ல மனுஷன். ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா இங்க மேல என் மொகத்த யாரும் பாக்கறதில்ல. அது போதும்போல இருக்கு எனக்கு.”

திங்ஃபா அசையவில்லை. கை தொடைமேல் இருந்தது, அங்கேயே இருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் திசையிலிருந்து தலையை மெல்லத் திருப்பி, யாரும் இல்லாத மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டார். மீதி ஒன்பது நிமிடமும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெய்ரென் டேப்லெட்டை அவள் கைக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டான்.

காட்சி முடிந்து ஹெட்செட்டுகளைக் கழற்றியபோது எல்லோர் முகத்திலும் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். அத்தான் முகத்திலும் இருந்தது. எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, “நன்றி” என்று வெளியாளிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்தார்.

ஷாவ் மேடம் பெய்யூவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பத்தொன்பதாவது நிமிஷம் இருக்கே, அதுதான் இதோட உசுரு. அந்தம்மா நடிகையா, நிஜமாவே கிரேன் ஓட்டறவங்களா?”

“நிஜம்தான் மேடம். ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்.”

அத்தான் சுவருக்கு முன் நின்றிருந்தார். துண்டுத் தாள்களை ஒவ்வொன்றாக, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துக்கொண்டிருந்தார். மீட்டிங் கட்டாயம், ரயில் லேட்டு, பல் டாக்டர்.

“இவ்ளோ பேரா?” என்றார்.

“அத்தான்…”

“வெளிய உக்காருவோமா? கால் கடுக்குது.”

டிராம் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே தண்டவாளத்துக்கு அப்பால் கல்யாண உடையில் ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெய்யூ கடையில் பப்பாளிப் பால் இரண்டு வாங்கி வந்தாள். அவர் உறிஞ்சுகுழலைக் குத்திவிட்டுக் குடிக்காமல் வைத்திருந்தார்.

“யூனியனுக்கு நான் மூணு தடவ மனு எழுதிக் குடுத்தேன்” என்றார். “அம்பது வயசு பொம்பளைக்கு வாரம் நாலு நாள் கட்டாய ஓவர்டைம் போடறது அநியாயம்னு. மூணாவது தடவ அங்க இருந்தவன் தாள வாங்கி மடிச்சு வெச்சுட்டு, டீ குடிக்கறீங்களான்னு கேட்டான். ரொம்ப மரியாதையா கேட்டான். அப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும்.”

“அத்தான், அக்கா அத ஏதோ ஒரு அலுப்புல…”

“நீ பேசாத.” கோபமாகச் சொல்லவில்லை. “நான் மொகத்தையே பாத்துட்டா உக்காந்திருக்கேன்?”

அந்த வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். ஆமாம், அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

“கப்பல்ல இருக்கறப்ப ராத்திரி கட்டில்ல படுத்துட்டு அவ மொகத்த நெனச்சுப் பாப்பேன். ஆறு மாசத்துக்கு அப்புறம் மூக்கு ஞாபகம் வரும், கண்ணு வராது. போட்டோவ எடுத்துப் பாத்தா அது வேற யாரோ மாதிரி இருக்கும். இருபது வருஷம் அப்படி. அந்தப் பசில பாக்கறேன் போல. அவளுக்கு அது பாரம்னு எனக்குத் தெரியலியே பெய்யூ.”

டிராம் வந்து நின்று, மணியடித்துப் போனது. அவர் ஏறவில்லை.

“எத்தன பேரு கேட்டிருக்காங்க இத?”

பெய்யூவுக்கு அந்த எண் தெரியும். தினமும் கதவைப் பூட்டும்போது கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நேற்று ஷாவ் மேடத்துக்கு அனுப்பிய கடிதத்தில் முதல் வரியே அதுதான்.

“இந்தக் காட்சிக்கு முன்னால வரைக்கும் ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு.”

“அப்ப நான்?”

“ஆறாவது நாற்காலி… ஆயிரத்து நானூத்திப் பதினெட்டு.”

அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “ஆயிரத்து நானூத்திப் பதினெட்டு. அடுத்த தலகாணில படுக்கறவன்.” பிறகு சிரிக்க முயன்றார். “பரவால்ல. டிக்கெட் எடுத்துப் பாத்தேன். கடன் இல்ல.”

“நான் நிறுத்தியிருக்கலாம் அத்தான். கையில இருந்துச்சு. நிறுத்தல.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

“நான் இங்க வரல” என்றார். “புரியுதா? சியூலான்கிட்ட சொல்லாத. அவளுக்குத் தெரிஞ்சா மேல போறதையும் விட்டுடுவா. அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.”

அடுத்த டிராமில் ஏறிக்கொண்டார். பெஞ்சில் அந்தப் பப்பாளிப் பால் திறந்தபடி அப்படியே இருந்தது.

அவள் கிடங்குக்குத் திரும்பியபோது வெய்ரென் வாசலுக்கே ஓடி வந்தான்.

“மூணு மாசம்! தைபேல மூணு மாசம், பன்னெண்டு நாற்காலி! ஷாவ் மேடம் கையோட சொல்லிட்டாங்க. ஒரே ஒரு…” அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். “ஒரே ஒரு விஷயம். ஒரு நொடிகூட வெட்டக் கூடாதாம். அப்புறம், திறப்பு விழாவுக்கு அக்கா வரணுமாம். மேடைல ரெண்டு வார்த்த.”

“நீ என்ன சொன்ன?”

“கேட்டுச் சொல்றோம்னு சொன்னேன். அத்தான் எப்படி இருக்காரு?”

“வீட்டுக்குப் போயிட்டாரு.”

“நான் அந்த வரிய நம்ம இணையப் பக்கத்துல போட்டிருக்கக் கூடாது” என்றான் வெய்ரென். “நீ அமுக்கியிருக்கணும்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். இருவரும் அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லாமல் ஆளுக்கு மூன்று ஹெட்செட்டாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். மூன்றரை மணிக் கூட்டம் வெளியே காத்திருந்தது.

அந்தக் காட்சி எப்படி முடிந்தது என்று அவளுக்கு நினைவில்லை. நான்கு வரிகளைச் சொன்னாளா என்பதும் நினைவில்லை. யாரோ ஒருவர் பாதியில் வலது கையைத் தூக்கினார். வாந்திப் பையும், குமட்டலுக்கு உப்பு போட்ட பிளம் பழமும் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கடைசிக் காட்சிக்கு நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தபோது, பின்கதவு வழியாக சியூலான் வந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கனத்த பூட்ஸ். ஹெல்மெட் அழுத்திய முடி. நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கினாள்.

“எடுத்துட்டியா?”

“அக்கா…”

“இருடி, நான் ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். இனிமே ஓவர்டைம் லிஸ்ட்ல என் பேரு வேண்டாம்னு. மேஸ்திரி ரெண்டு தடவ கேட்டான், நிஜமாவான்னு. நிஜமாத்தான்னேன்.” அவள் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். “ஊருக்கெல்லாம் தெரிஞ்சு அவருக்கு மட்டும் தெரியாம இருக்கறது என்ன பொழப்பு? நான் பொய் சொன்னதே இல்லன்னு ஆக்கிடலாம்னு பாக்கறேன். வீட்டுக்குப் போய், ரூல மாத்திட்டாங்க, இனிமே கட்டாயம் இல்லன்னு சொன்னா முடிஞ்சுது. எவ்ளோ சந்தோஷப்படுவாரு!”

“உனக்கு சந்தோஷமா அக்கா?”

சியூலான் கண்ணைத் திறந்தாள். “எனக்கென்ன. அசதியா இருக்கு. சரி, மாட்டி விடு. நானும் ஒரு தடவ பாக்கறேன். ஊரே பாக்குது, நான் பாக்கல. அந்த எடம் இல்லாம எப்படி இருக்குன்னு பாப்போம்.”

பெய்யூ ஹெட்செட்டை எடுத்தாள். கை அதோடு நின்றுவிட்டது. தரையில், அக்காவின் பூட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“எடுக்கலக்கா. இன்னும் அப்படியே இருக்கு. செவ்வாய்க்கிழமையே எடுக்கறேன்னு சொல்லிட்டு எடுக்கல. தைபேலேந்து ஆள் வர்றாங்கன்னு விட்டு வெச்சேன்.”

சியூலான் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கையின் உரிந்த விரல்களைப் பார்த்தாள். “எப்பலேந்துடி நீ இப்படி ஆன?” என்று மட்டும் கேட்டாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. பதினான்கு மணி நேரமாக விழித்திருந்தாள்.

அவள் போன் அடித்தது. காதில் வைத்துப் பிடிக்கக் கை வலித்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள். திங்ஃபாவின் குரல்.

“எங்க இருக்க?”

“இப்பதான் முடிஞ்சுது. கெளம்பிட்டேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், வீட்டுக்கு வந்து…”

“இன்னிக்கு ஓவர்டைம் இல்லியா?”

“இல்ல. அதுதான் சொல்ல வந்தேன். இனிமே…”

“இருந்தா இருந்துட்டே வா” என்றார். “அவசரமே இல்ல. நான் சாப்டுட்டுப் படுத்துடறேன். ஒனக்கு அடுப்பு மேல இருக்கும். எவ்ளோ நேரம் வேணாலும் மேல இரு சியூலான். கழுத்த மட்டும் பாத்துக்கோ. அப்படி முழங்காலுக்கு நடுவுல தலையத் தொங்கப் போட்டுக் குனியாத, ரொம்ப நேரம்.”

போன் நின்றது.

சியூலான் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓவர்டைம்னு சொன்னா யூனியன ஒரு பாட்டம் திட்டுவாரு. ஆறு வருஷமா ஒரு நாள் திட்டாம போன வெச்சதில்ல. இன்னிக்கு ‘இருந்துட்டே வா’ங்கறாரு.” அவள் நெற்றி சுருங்கியது. “பதினெட்டு வருஷத்துல ஒரு தடவகூட அவரு என் கிரேன் பக்கம் வந்ததில்ல. நான் எப்படி உக்காருவேன், எப்படி குனிவேன்னு அவருக்கு யாரு சொன்னது?”

வெளியே கடைசிக் காட்சிக்கு வந்தவர்கள் கதவை மெல்லத் தட்டினார்கள். வெய்ரென் திறக்கவில்லை.

“பெய்யூ, என் மொகத்தப் பாரு. அவரு இங்க வந்தாரா?”

பெய்யூ நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.